ஆசான் பார்க்காத ஆட்டம்

சிலம்ப ஆசான் ஆவுடைநாயகத்துக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து பச்சைத்துணி தொங்கியது. இன்னொரு கண் ஏற்கெனவே புகைமூட்டம். ஆட்டத்தை இனி யாராவது சொல்லித்தான் அவர் கேட்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்தா மாவட்டப் போட்டி வந்து தொலைய வேண்டும்! ஆசானின் சிலம்பக் களத்திலிருந்து ஒரே ஒரு ஆள்தான் போகலாம். ஒன்று, பன்னிரண்டு வருஷமாகக் கம்பு பிடிக்கும் லாரி மெக்கானிக் மாசானமுத்து. இல்லையென்றால், போன தையில் வந்து சேர்ந்த, ஜாக்கெட் தைக்கும் நவமணி. கம்பு நுனியைக் குழைத்த மஞ்சளில் முக்கிக்கொண்டு இருவரும் மோத வேண்டும். எதிராளி உடம்பில் முதலில் மூன்று பொட்டு வைப்பவருக்கு வாய்ப்பு.

ஆட்டம் முடிந்த கையோடு மாசானம் ஆசானின் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து ஓடினான். நவமணி வாயைத் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். நேற்று வந்தவள்! அவளை ஆசான் "நவமணீ..." என்று இழுத்துக் கூப்பிடுகிற குழைவைப் பட்டறையில் அப்படியே செய்து காட்டுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவனுக்கு மட்டும் வயிறு எரியும்.

"சொல்லுடே, என்ன ஆச்சு?"

"எடுத்த எடுப்புலயே விளாசினேன் பாருங்க ஆசானே, அவ கம்பு அலறிட்டு!"

"அவ?"

"அவ என்ன... தோள்ல லேசா உரசினா."

"பெறவு?"

"சாத்துன சாத்துல பத்தடி பின்னால போயிட்டா!"

"அவ?"

"நெஞ்சுல ஒரு தட்டு. கொசு உக்காந்த மாதிரி."

"பெறவு?"

"நொறுக்கிட்டேன்லா!"

"அவ?"

மாசானம் நெற்றியைத் துடைத்தான். கை மஞ்சளாக வந்தது. வேட்டியில் தேய்த்துக்கொண்டான்.

"இங்கன... தொட்டா. தொட்டும் தொடாம."

பின்னால் வந்து நின்ற நவமணியின் பக்கம் ஆசான் முகத்தைத் திருப்பினார். "நீ என்னம்மா சொல்லுத?"

"அண்ணன் அடி ஒவ்வொண்ணும் இடி ஆசானே. தடுத்துத் தடுத்துக் கை மரத்துப் போச்சு. இன்னைக்கு ஊசி பிடிச்ச மாதிரிதான்."

அவ்வளவுதான் சொன்னாள். தான் வைத்த பொட்டுகளைப் பற்றி மூச்சே விடவில்லை. பெருந்தன்மை வேறயா! மாசானத்துக்கு இன்னும் எரிந்தது.

"கேட்டீங்களா? அவளே சொல்லிட்டா. உரசுறதும் தட்டுறதும் ஒரு அடியா? நான்தான் போகணும்."

"சரிடே. அவ மேல உன் மஞ்சள் எங்கெங்க இருக்கு?"

மாசானம் அவளை மேலும் கீழும் பார்த்தான். பாவாடை, சட்டை, முகம், கை.

"கம்புல இருக்கு ஆசானே. அவ கம்பு பூரா என் மஞ்சள்தான்!"

ஆசான் தலையை ஆட்டினார்.

"உள்ள வார்த்தையெல்லாம் கொட்டித் தீத்துட்டியே மாசானம். 'அவ ஜெயிச்சுட்டா'ங்கிறதை மட்டும் யாருக்குடே மிச்சம் வச்சிருக்க?"