நீலவல்லிக்கு வந்த கோடிச் சேலை

முன்னொரு காலத்தில், மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டில், அரசருக்கு ஒரு நாள் செப்புக் கூரையின் மேல் ஆசை வந்தது. வசந்த மண்டபம் வெயிலில் தகதகவென்று மின்ன வேண்டும், அவ்வளவுதான். பிரதானி கேசவராயர் அந்த வாரமே நீலவல்லி ஆற்றங்கரையில் நாற்பது உலைகளை மூட்டிவிட்டார். கரையோரக் காடு உலைக்குக் கரியாயிற்று. உலைக் கழிவு ஆற்றில் இறங்கிற்று. ஆறாவது மாதம் தண்ணீர் மயில்துத்தம் கரைத்தாற்போல் நீலப்பச்சையாயிற்று. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதைக் குடித்த கீழூர் எருமைகள் எழுந்திருக்கவில்லை.

அரசவை விகடகவி அம்பலத்தாடிக்குக் கீழூர்தான் சொந்த ஊர். ஊரார் சொல்லி அனுப்பிய மனுவைப் பதினோரு முறை அவனே எழுதிச் சபையில் கொடுத்தான். பதினொன்றும் பிரதானியின் பெட்டியில் படுத்துக்கொண்டன.

"என்ன அம்பலத்தாடி, பத்து நாளாய் எனக்கு ஒரு சிரிப்பும் இல்லையே?" என்றார் அரசர்.

"நீலவல்லி செத்துப்போனாள், பிரபு. துக்க வீட்டில் என்னத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்?"

கேசவராயர் இதற்குத்தான் காத்திருந்தார். "கேட்டீர்களா மகாராஜா! தங்களைக் கொலைகாரர் என்கிறான். ஆற்றைக் கொல்வது குற்றம் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறதாம்?"

நியாய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மாட்டைத் திருடினால் தண்டனை இருந்தது. வரப்பை வெட்டினால் இருந்தது. ஆற்றுக்கு ஒரு வரியும் இல்லை.

அரசருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் எல்லைக்குள் ஓடும் ஆறு. இதில் என்னைக் கேள்வி கேட்க எனக்குச் சமமான ஒருவன் வேண்டும். எட்டு நாளில் அப்படி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்து. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு."

அம்பலத்தாடி வீட்டுக்குப் போனான். வாதாடி வாதாடி வாய் ஓய்ந்திருந்தது. ஓர் ஓலையை எடுத்து, நான்கு ஓரத்திலும் கரி தடவி, எழுதினான்:

'மலைநாட்டு மகாராஜா அவர்கள் சமூகத்துக்கு. இவ்விடம் க்ஷேமமில்லை. தங்கள் நாட்டில் பிறந்து எங்கள் நாட்டுக்கு வாழ வந்த நீலவல்லி காலமாகிவிட்டாள். பிறந்த வீட்டார் வந்து முகம் பார்க்கவும்.'

இதில் விகடம் ஒன்றுமில்லை. நீலவல்லி மலைநாட்டில்தான் பிறக்கிறாள். ஆண்டுதோறும் ஆடியில் அங்கிருந்து பட்டும் வளையலும் சீராக வரும். நம் அரசரே கரைக்குப் போய், "வாங்க சம்பந்தி" என்று வாங்கிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாழ வந்த பெண் செத்தால், பிறந்த வீட்டார் வந்து கோடிச் சேலை போட்டு, எப்படிச் செத்தாள் என்று விசாரித்து, 'எடுக்கலாம்' என்று சொல்ல வேண்டும். அதுவரை ஊரில் அடுப்பு எரியாது, கோயில் நடை திறக்காது. அரண்மனைக்கும் இதே வழக்கம்தான்.

எட்டாம் நாள் காலை மலைநாட்டரசர் கோடியோடு வந்து இறங்கினார். சேதி பரவியதும் ஊர் அடுப்புகள் அணைந்தன. குருக்கள் நடையைச் சாத்திவிட்டு அவரும் கரைக்கு வந்தார். மலைநாட்டரசர் குனிந்து வெள்ளைச் சேலையை ஆற்றில் போர்த்தினார். கையில் பிடித்திருந்த முந்தானை வரைக்கும் பச்சை ஏறிற்று.

"எப்படிச் செத்தாள்?" என்றார்.

கேசவராயர் முன்னால் வந்தார். "இது எங்கள் நாட்டு விவகாரம். அந்நியர் தலையிட..."

"யாரய்யா அந்நியன்? போன ஆடியில் சீர்த்தட்டைத் தூக்கியது நீர்தானே? அப்போது சம்பந்தி, இப்போது அந்நியனா?"

உச்சி வெயில் ஏறியது. அரசருக்குப் பசி காதை அடைத்தது. "எடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள், சம்பந்தி."

"கொன்றது யார் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் சொல்லிவிடுகிறேன்."

அரசர் ஆற்றைப் பார்த்தார். "உலையை மூட்டியவன் பிரதானி. கூரை கேட்டவன் நான்" என்றார்.

அன்றே நாற்பது உலைகளும் அணைந்தன. கழிவை வாரி அள்ளும் வேலை கேசவராயர் தலையில் விழுந்தது. ஆற்றையோ காட்டையோ கொன்றால் அது கொலைதான், எந்த நாட்டில் நடந்தாலும் அண்டை நாட்டார் வந்து கேட்கலாம் என்று இரு அரசர்களும் முத்திரை வைத்தார்கள்.

அதன் பிறகுதான் அரசர் சிரித்தார், கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு. "சமமான ஆளைக் கேட்டேன். சம்பந்தியையே கூட்டி வந்துவிட்டாயே! என்ன வேண்டும், கேள்."

"கூரைக்கு அடித்த முதல் தகடு, பிரபு. இந்தத் தீர்ப்பை அதில் வெட்ட வேண்டும். ஓலையென்றால் பெட்டிக்குள் போய்விடுகிறது."

கொடுத்தார். செப்பேட்டைக் கரையில் நட்டார்கள். அம்பலத்தாடி தினமும் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவான்.

அடுத்த ஆடியில் மலைநாட்டிலிருந்து இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றில் வளையல், ஒன்றில் கோடிச் சேலை. கூடவே ஓர் ஓலை:

'எது தேவையோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவும்.'

அரசர் அம்பலத்தாடியின் முகத்தைப் பார்த்தார்.

"இரண்டும் இங்கேயே இருக்கட்டும், பிரபு" என்றான் அவன். "ஓரத்தில் இன்றைக்கு ஒரு தவளை கத்திற்று. ஒன்றுதான்."