காலியாகாத டிஸ்க்

“அழிச்சிட்டேன் டீச்சர். ஆனா இடம் காலியாகல,” என்றார் சூசைராயன்.

மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறை அது. கடலுக்குப் போன படகுகள் தாங்கள் நிற்கும் இடத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு புரோகிராம் அதைக் கேட்டுக் கேட்டு ஃபைலில் எழுதும். அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவல் சூசைராயன். பாதி ஆயுசு விசைப்படகு ஓட்டி, முட்டி தேய்ந்து கரையேறியவர். அதில் ஓடும் லினக்ஸை அவருக்குச் சொல்லித்தரும் ரெக்ஸலினுக்கு அவர் மகள் வயசு.

“எத அழிச்சீய?”

“போன வருசத்துத் தேதி போட்ட ஃபைல் ஒண்ணு. எடத்த அடைச்சிட்டுக் கெடந்துச்சு. அத அழிச்சும் டிஸ்க் நிறைஞ்சேதான் இருக்கு. நன்றிகெட்ட மெஷின்!”

அவள் பதில் சொல்வதற்குள் கடலில் நின்ற இன்னொரு படகிலிருந்து வயர்லெஸ் கரகரத்தது. பனிமயம் படகு காலையிலிருந்து பேசவில்லையாம். கடைசியாக எங்கே நின்றது என்று சொன்னால் தேடிப் போவார்களாம்.

பனிமயத்தில் இருந்தது நாலு பேர். அதில் ஒருவன் சூசைராயனின் மச்சினன் செல்வதாஸ்.

அவர் படகுகள் நின்ற இடம் எழுதிய ஃபைலைத் தேடினார். காணோம். அவர் அழித்த ஃபைலில் தேதிதான் பழசு, இன்று காலை வரை புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது அதில்தான். அது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம் டீச்சர். வந்துரும்!” என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

ரெக்ஸலின் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். இரும்புப் பிடி.

“விடுங்க டீச்சர்!”

“படகுல எழுதுன பேரச் சுரண்டிட்டா படகு போயிருமா அண்ணே?”

“நாலு உசுரு டீச்சர்! இப்பப் போயி விடுகதையா?”

“போயிருமா?”

“போகாது.”

“எப்பப் போகும்?”

“கட்டுன கயித்த அவுத்தா போகும்.”

“அப்ப கயித்த யாரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. படகுங்க பேச்சு கம்ப்யூட்டருக்குள்ள வர்ற வாசல், அந்தப் போர்ட்ட யாரு கேட்டுட்டு இருக்கா?”

அவள் பிடித்திருந்த கை போக மிச்சமிருந்த கையால் அவர், அதைக் காட்டும் lsof -i கட்டளையைத் தட்டினார். அந்தப் போர்ட்டில் புரோகிராம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“உசுரோட இருக்கு டீச்சர்.”

“அது கையில என்னல்லாம் வச்சிருக்கு?”

புரோகிராமின் எண்ணைப் பார்த்து, lsof -p என்று தட்டி, அந்த எண்ணையும் சேர்த்தார். அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக இறங்கின. கடைசி வரியில் அவர் அழித்த ஃபைலின் பெயர். பக்கத்திலேயே, அழிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு.

சூசைராயன் அந்த வரியைப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் பார்த்தார். “ஆஃப் பண்ணியிருந்தா கயிறு அவுந்திருக்கும்,” என்றார்.

“பென் டிரைவ் இருக்காண்ணே?”

அப்போதுதான் ரெக்ஸலின் அவர் கையை விட்டாள்.

புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே ஃபைலை நகல் எடுத்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் பனிமயம் நின்ற இடம் இருந்தது. சூசைராயன் அதை வயர்லெஸ்ஸில் படித்தார். நாக்கு குழறிவிடுமோ என்று பயந்து, மறுபடியும் படித்தார்.

அப்புறம் இரண்டு பேரும் வயர்லெஸ் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். வாங்கி வைத்த டீ ஆறிப் போனது.

வெயில் சாயும்போது, தேடிப் போன படகின் வயர்லெஸ் செட்டிலிருந்து செல்வதாஸ் கத்தினான். “அத்தான்! இஞ்சினும் போச்சு, செட்டும் போச்சு. ஆளு நாலு பேரும் நல்லா இருக்கோம். கயிறு போட்டு இழுத்துட்டு வாறாவ. அக்காட்ட சோறு வைக்கச் சொல்லுங்க!”

சூசைராயன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“ஏண்ணே,” என்றாள் ரெக்ஸலின், “எடம் காலியாயிருச்சா?”

அவர் திரையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“எங்க டீச்சர்?” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. “கயித்த இன்னும் விடாமப் பிடிச்சிருக்கு. நிறைஞ்சேதான் இருக்கு.”