நாக்கு மீனின் கண்

கடலூருக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டி ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் வேதநாயகி அம்மை. துறவுக்கு முன் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய சீடர் ஏகாம்பரம் அவரைவிட வயதில் மூத்தவர்.

மனைவி மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு ஏகாம்பரத்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. மகள் தாரணியைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். மௌனமாக உட்கார்ந்தால் துக்கம் அடங்கும் என்று நம்பினார். கொஞ்சம் அடங்கவும் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தாரணியை அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் மகளின் குரல் கேட்டதும் ஏகாம்பரம் பின்பக்கமாக இறங்கிச் சவுக்குத் தோப்புக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். பெண்ணுக்கு அப்படியே தாயின் நெற்றி. பார்த்தால் எல்லாம் திரும்பவும் ஆரம்பித்துவிடும் என்று பயந்தார். வந்தவர்கள் சாயங்காலப் பேருந்துவரை காத்திருந்துவிட்டுப் போனார்கள்.

அம்மை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, கடலோரம் நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார்.

முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றி, ஆங்காங்கே கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. ஏகாம்பரம் கால் வைத்த இடத்தில் மணல் நழுவி ஓடியது. பதறிக் காலை எடுத்தார்.

நாக்கு மீன். உள்ளங்கை நீளம், இலைபோலத் தட்டை. ஓரத்துத் துடுப்புகள் நெளிய, தரையை ஒட்டியே கொஞ்சதூரம் போனது. பிறகு உடம்பை உதறி, மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு அடங்கியது. தோலும் மணலும் ஒரே நிறம். உற்றுப் பார்த்தும் இடம் தெரியவில்லை.

ஏகாம்பரம் குனிந்தபடியே நின்றார். தான் இங்கே வந்ததே இந்த மாதிரி இருக்கத்தான் என்றார். யார் கண்ணிலும் படாமல், தரையோடு தரையாக.

"அது தப்பா அம்மா?"

"முதல்ல அது எங்க இருக்குன்னு பாருங்க."

தேடினார். கடைசியில் கடுகுபோல இரண்டு புள்ளிகள் தெரிந்தன. கண்கள்.

"ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கே."

அம்மை விளக்கினார். குஞ்சாக இருக்கும்போது இதுவும் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண்தான். பிறகு, தரையில் படுத்து வாழும் காலம் வரும். அடியில் போகவேண்டிய கண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மேல்பக்கம் வந்துவிடும். அதற்காக மண்டையோடே திருகிக்கொள்ளும். வாய்கூடக் கோணிப்போகும்.

"அவ்வளவு கஷ்டம் எதுக்கு?"

"அங்கேயே இருந்தா அந்தக் கண்ணு மண்ணைத்தான் பார்க்கும்."

ஏகாம்பரம் இன்னும் தாழக் குனிந்தார். கலங்கிய தண்ணீர் தெளிந்தது. மீனின் ஒரு கண் மட்டும் அவர் பக்கம் திரும்பியது.

"நேத்து நான் தோப்புல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தாரணிக்கு?"

"நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு அவளுக்கும் தெரியும். உங்க செருப்பு வாசல்லயே கிடந்தது. சாயங்காலம்வரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தா."

ஏகாம்பரம் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது முடிக்கும்வரை அம்மை பக்கத்தில் நின்றார்.

வேட்டியைப் பிழிந்துவிட்டு எழுந்தவர், இப்போது கிளம்பினால் தாரணியின் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேரலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றார் அம்மை. கொஞ்சதூரம் நடந்தவர் நின்று திரும்பினார்.

"என்னைப் பார்த்தா அவ கோபப்படுவாளா அம்மா?"

"படுவா. அந்தக் கோபத்தைப் போய் வாங்கிக்கங்க."