பூஜ்யத்துக்கு முன்னால் குடியேறிய ரண்டுமா

அந்தக் காலத்தில் எழுத்துக்கும் எண்ணுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் வம்பும் இருக்கும் அல்லவா? கணினி என்றொரு புது ஊர் உண்டானதும் மலையாளத்து எழுத்துகளெல்லாம் வீடு கேட்டு ஓடின. அந்த ஊரின் வாசல்காரர் ஆளுக்கொரு எண் போட்டு வீடு கொடுத்தார். வீடு உள்ளவர்தான் திரையில் தோன்றலாம். இல்லாதவர் இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும்.

பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டன. அடுத்து பத்து, நூறு, ஆயிரம். அதற்கடுத்து கால், அரை, முக்கால். சின்னப் பின்னங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அவற்றில் ஒன்றுதான் ரண்டுமா. பத்தில் ஒரு பங்கு. நம் பக்கம் இருமா என்போம்.

பாலக்காட்டு எல்லையில் சின்னம்மு என்று ஒருத்தி நெல் போட்டிருந்தாள். வாய்க்கால் தண்ணீரில் ரண்டுமா அவள் பங்கு. அது மாசி மாதம், கதிர் பிடிக்கும் நேரம். மடை திறக்கும் சாத்துண்ணி வந்து, "இனிமே பங்கையெல்லாம் கணினியில எழுதி அனுப்பணும் அக்கா" என்றான்.

அவள் ரண்டுமாவின் குறியைப் போட்டாள். கட்டம் வந்தது. "கட்டம் காலி, தண்ணியும் காலி" என்றான். 'ரண்டு மா' என்று எழுத்தில் எழுதினாள். இரண்டு மாமரம் என்று நினைத்து, இரண்டு குடம் தண்ணீர் விட்டான். ஒன்று, சாய்கோடு, பத்து என்று எழுதினாள். அக்டோபர் ஒன்றாம் தேதி வந்து மடை திறப்பதாகச் சொல்லிப் போய்விட்டான் புண்ணியவான்.

சின்னம்மு ரண்டுமாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல்காரரிடம் போனாள். மற்ற குட்டிப் பின்னங்களும் பின்னாலேயே ஓடின.

"இதுக்கெதுக்கும்மா தனி வீடு? எழுத்துல எழுதினாப் போதாதா?" என்றார் அவர்.

"எழுதித்தான் என் வயல் மாமரமாச்சு. கோடு போட்டேன், தேதியாச்சு. இன்னும் நாலு நாள் போனா வைக்கோலாயிடும்!"

வாசல்காரர் தெருவைச் சுற்றிப் பார்த்தார். முக்காலுக்குப் பின்னால் மூன்றே மனை காலி. அதற்கப்பால் தேதிக்குறி குடியிருந்தது. கொடுத்த வீட்டை எவரிடமும் பிடுங்குவதில்லை என்பது அவர் சத்தியம். கால் பின்னத்தின் உறவுக்காரர்களான மாகாணியும் அரைக்காலும் மூன்று வீசமும் அந்த மூன்றில் நுழைந்துகொண்டன. ரண்டுமாவும் உடன்பிறந்த ஆறும் தெருவில் நின்றன.

ரண்டுமாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூஜ்யத்துக்கு முன்னால அந்தத் திருப்பத்துல மனை சும்மாதானே கிடக்கு? அங்கே விடுங்க" என்றது.

பூஜ்யம் உருண்டோடி வந்தது. "முழுசா ஒண்ணுகூடத் தேறாத பயலுக! கடைசியா வந்துட்டு எங்களுக்கு முன்னாலயா?"

"ஒண்ணுக்குக் குறைஞ்சவங்க ஒண்ணுக்கு முன்னாலதானே நிக்கணும்?" என்றது ரண்டுமா.

ஒன்றாம் எண் சிரித்துவிட்டது. "கணக்கு சரிதான்."

"அப்போ எல்லாருக்கும் குறைஞ்ச நான்?" என்று வாயைப் பிளந்தது பூஜ்யம். பூஜ்யத்தின் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்? வாசல்காரர் ஏழு வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார்.

சின்னம்மு ஊர் திரும்பிக் குறியைப் போட்டாள். திரையில் ரண்டுமா நின்றது. சாத்துண்ணி மடைப்பலகையைத் தூக்கினான். வெடித்த வயலில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து, சின்னம்மு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று முதல்தான் கணினியின் மலையாள வரிசையில், பிந்தி வந்த அந்த ஏழு பின்னங்களும் எண்களுக்கு முந்தி நிற்கின்றன. அன்றைக்கு வாயைப் பிளந்த பூஜ்யம் இன்னும் மூடவில்லை.