ரோஜாப்பூவுக்குக் கீழே ஒரு கேள்வி

கோவையில் கிரைண்டர் கடை வைத்திருந்த நாச்சிமுத்து, தீபாவளிக்குள் வியாபாரம் நிமிராவிட்டால் கடையைக் காலி செய்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பயத்தில்தான் சுகந்தியிடம் சீடராகச் சேர்ந்தார். இன்ஸ்டாகிராமிலேயே மூலிகைச் சோப்பு விற்றுப் பேர் வாங்கியவள் அவள். மகள் வயதுதான். வித்தைக்கு வயதேது?

"அம்மணி, தினமும் விடிஞ்சதும் இன்ஸ்டாகிராம்ல ரோஜாப்பூ படம் வெச்சுக் காலை வணக்கம் போடறேன். அமாவாசை, கிருத்திகைன்னு ஒண்ணையும் விடறதில்லீங்க. ஒருத்தரும் கடைக்கு வரக் காணோம். கூட்டம் சேர்க்கறது எப்படிங்க?"

சுகந்தி அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். கடைவாசலில் போய் நின்று, கையைக் கூப்பி, "காலை வணக்கம், காலை வணக்கம்" என்று தெருவைப் பார்த்து முழங்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் படியேறி வந்தார். "இந்தச் சின்ன கிரைண்டர் என்ன விலைங்க?"

சுகந்தி திரும்பியும் பார்க்கவில்லை. "இனிய அமாவாசை வாழ்த்துகள்" என்றாள். அந்த அம்மாள் முகம் சுண்டி இறங்கிப் போனார்.

நாச்சிமுத்து கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "என்ன அம்மணி இது? வந்தவங்க வாயைத் திறந்து கேக்கறாங்க. பதில் சொல்லாம அனுப்பிட்டீங்களே."

சுகந்தி போனை நீட்டினாள். ரோஜாப்பூவுக்குக் கீழே சரஸ்வதி என்று ஒருவர் போன மாதமே கேட்டிருந்தார்: 'மாவு நைசா வரமாட்டேங்குது. புது கிரைண்டர் வாங்கணுமா, கல்லைக் கொத்தினால் போதுமா?'

அதற்கு இன்னும் பதில் போகவில்லை. நாச்சிமுத்து செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடி, போன அம்மாளைக் கையோடு அழைத்து வந்தார்.

அன்று சாயங்காலமே போனை எதிரில் நிறுத்திவைத்து ஒரு கல்லைக் கொத்திக் காட்டினார். "சரஸ்வதியம்மா, கொத்துனாலே போதுமுங்க. புதுசு வேண்டாம்." அதற்குப் பிறகு ரோஜாப்பூ பூக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் பதில் போனது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. சரஸ்வதி தன் தெருவையே திரட்டி வந்திருந்தார். கட்டடச் சொந்தக்காரரும் ஒரு கிரைண்டருக்காக வரிசையில் நின்றார். நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"அம்மணி, ஜெயிச்சுட்டோமுங்க. இனியாவது ரகசியத்தைச் சொல்லுங்க. இதைவிடப் பெரிய கூட்டம் சேர்க்கறது எப்படி?"

"அண்ணா, வாசல்ல ஒருத்தங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க. என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க" என்றாள் சுகந்தி.