பஃப் கையில் இருந்த துணி

பொன்மலையில் பழைய மாடல் ஜாக்கெட் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் நஸீமா மாஸ்டர் வீட்டைக் காட்டுவார்கள். கடை கிடையாது, போர்டு கிடையாது. மாடி வீட்டின் முன் அறையில் இரண்டு தையல் மிஷினும் துணி வெட்ட ஒரு நீள மேஜையும் இருக்கும். கறுப்பு வெள்ளை போட்டோவை நீட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, முதுகில் கொக்கி, தோளில் பந்து மாதிரி நிற்கும் பஃப் கை. மாஸ்டர் போட்டோவைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பார். பிறகு கத்தரியை எடுப்பார். ஒரு தடவை வெட்டியதை அவர் இரண்டாம் தடவை வெட்டி யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவருக்கே பெருமை உண்டு, மறைக்கவும் மாட்டார்.

அவரிடம் தையல் கற்க வந்தவள் கமலவேணி. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாஸ்டரைவிட இருபது வயது மூத்தவள். ஆனாலும் இந்தக் கதையில் மரியாதையெல்லாம் மாஸ்டருக்குத்தான். கமலவேணியைக் கேட்டால் அவளும் அதையே சொல்வாள்.

கமலவேணிக்குக் கை சுத்தம். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி தையல் ஓடும். தைத்து முடித்ததும் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு, பக்கத் தையலுக்கு வெளியே நிற்கும் துணியை ஒட்ட நறுக்கிவிடுவாள். பிசிறு இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

தன் மகள் அபிநயாவின் கல்யாண ஜாக்கெட்டை அவளே தைத்தாள். கூறைப்புடவையோடு வந்த அரக்குப் பட்டு. துணியெல்லாம் சின்னச் சின்ன மாங்காய் டிசைன். கைக்கு பஃப் வைத்தாள். அந்த பஃப் மணவறையில் உட்கார்ந்தபோதும் சாயவில்லை, சாப்பாட்டுப் பந்தியிலும் சாயவில்லை. தாலி கட்டியதைப் பார்த்தவர்களைவிட பஃப் கையைப் பார்த்தவர்கள் அதிகம் என்று கமலவேணி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அவள் மாஸ்டரிடம் கேட்டாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கக்கா."

"நீங்க தைக்கிற ஜாக்கெட்டைத் திருப்பினா, பக்கத்துல ரெண்டு விரல் துணி நிக்குது. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா மூணு தையல் ஓடுது. நான் தைச்சதைத் திருப்பினா எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னே தெரியாது. இதுல எது நல்ல தையல்?"

அறையில் மற்ற மிஷின் நின்றுவிட்டது. அதில் தைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள்.

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"அந்தக் கல்யாண ஜாக்கெட் திரும்பி வரட்டும். சொல்றேன்."

"நான் தைச்சது எதுக்கு மாஸ்டர் திரும்பி வருது?"

"வரலைன்னா சந்தோஷம்க்கா."

கமலவேணி சிரித்தாள். பதில் தெரியாமல் மாஸ்டர் மழுப்புகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஜாக்கெட் வந்தது.

அபிநயாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அவள் புகுந்த வீட்டில் வளைகாப்புக்குக் கூறைப்புடவைதான் கட்ட வேண்டும். புடவையை எப்படிச் சுற்றினாலும் கட்டிவிடலாம். ஜாக்கெட்டை என்ன செய்வது? போட்டுப் பார்த்தபோது மேல் கொக்கிக்கும் அதன் காதுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. கமலவேணி இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, விடும்மா. மூச்சு முட்டுது."

"கடையில மேட்சிங்கா ஒண்ணு எடுத்துக்கலாம்டி."

"நீ தைச்சது இருக்கும்போது கடையில எதுக்கு? எனக்கு இதுதான் வேணும்."

மகள் கேட்டது கமலவேணிக்கு இனிக்கத்தான் செய்தது. அடுத்த பேச்சில் அந்த இனிப்பு போய்விட்டது.

"கல்யாணத்தன்னைக்கே இது பிடிப்பாத்தாம்மா இருந்துச்சு," என்றாள் அபிநயா. "வயித்தை எக்கிக்கிட்டுதான் நின்னேன்."

"ஏன்டி சொல்லல?"

"எல்லாரும் உன்னைப் புகழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. உன் முகத்தைப் பார்த்தேன். மூச்சுதானே, அப்புறம் விட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

கமலவேணி ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

மாஸ்டர் ஜாக்கெட்டை மேஜையில் விரித்தார். திருப்பிப் போட்டார். பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ஒரு தையலைப் பிரிச்சு அகலப்படுத்த உள்ளே ஒண்ணும் இல்லையேக்கா. துணி எங்க?"

"வெட்டிட்டேன் மாஸ்டர்."

"வெட்டின துணி?"

"அன்னைக்கே கூட்டித் தள்ளிட்டேன்."

'நான் அப்போதே சொன்னேனே' என்று மாஸ்டர் சொல்வார் என்று கமலவேணி காத்திருந்தாள். திட்டு வாங்கிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருக்கும். மாஸ்டர் அந்த ஆறுதலையும் தரவில்லை. ஜாக்கெட்டை மறுபடி வெளிப்பக்கம் திருப்பினார். ஒரு பஃப் கையைத் தூக்கி விரலால் அமுக்கினார். அமுங்கிய பஃப் உடனே எழும்பி நின்றது.

"துணி இங்க இருக்கு," என்றார்.

கமலவேணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பகீரென்றது.

"பஃப்பைப் பிரிக்கவா சொல்றீங்க?"

"சுருக்கு அத்தனையும் துணிதான். பிரிச்சா ஒவ்வொரு கையிலயும் ஒரு பட்டை கிடைக்கும். ரெண்டு பக்கத்துக்கும் போதும்."

"அந்தக் கைக்குத்தானே மாஸ்டர் ஊரே வாயைப் பிளந்துச்சு! அதை எடுத்துட்டா இந்த ஜாக்கெட்டுல என்ன இருக்கு?"

மாஸ்டர் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே பிரிச்சிடுங்க மாஸ்டர். எனக்குக் கை வராது."

"தைச்சது நீங்க. எந்தத் தையல் எங்க முடியுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். இது பட்டாச்சேக்கா. நான் தெரியாம இழுத்துக் கிழிச்சுட்டா மாத்துத் துணி கிடையாது."

கமலவேணி ஊசியை எடுத்தாள்.

பொடித் தையல். அவள் போட்ட தையல் லேசில் பிரியுமா? ஒவ்வொரு கண்ணாக ஊசியை விட்டு அறுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தன் தையலின் உறுதியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் அந்த உறுதிமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைசி நூல் அறுந்ததும் பஃப் பொத்தென்று அடங்கியது. மேஜைமேல் அகலமாக ஒரு பட்டுத் துண்டு படுத்துக் கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு துணியையா தோளில் தூக்கி நிறுத்தினோம் என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

இன்னொரு கையையும் பிரித்ததும், சாதாரணக் கைக்கு வேண்டிய அளவை விட்டு மீதியை இரண்டு பட்டையாக மாஸ்டர் வெட்டிக் கொடுத்தார். அக்குளிலிருந்து இடுப்புவரை கமலவேணி வைத்துத் தைத்தாள். தையலுக்கு வெளியே துணி நின்றது. பழக்க தோஷத்தில் கை கத்தரியைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்று, நூல் சுற்றிய பாபினை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. முதல் தையலுக்குப் பக்கத்தில் இரண்டாவது தையல் ஓடியது. அதற்குப் பக்கத்தில் மூன்றாவதும் ஓடியது. மாஸ்டர் அதைப் பார்த்தார், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தைத்து முடித்து வெளிப்பக்கம் திருப்பினால் புதுத் தலைவலி. பட்டை சேர்ந்த இடத்தில் மாங்காய்கள் பொருந்தவில்லை. இங்கே பாதி மாங்காய், அங்கே பாதி மாங்காய். ஒரு மாங்காய் தலைகீழாகவே நின்றது.

"மேல ஒரு லேஸ் வச்சு மறைச்சிடட்டுமா மாஸ்டர்?"

"எதை மறைக்கணும்?"

கமலவேணி லேஸ் வைக்காமலே ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

வளைகாப்பு அன்று வீடு கொள்ளாத கூட்டம். மாஸ்டரும் வந்திருந்தார். அபிநயா மணையில் உட்கார்ந்திருந்தாள். கூறைப்புடவை, அரக்கு ஜாக்கெட், பஃப் இல்லாத சாதாரணக் கை. கன்னத்தில் சந்தனம். பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். கை உயரும்போதெல்லாம் பக்கத்தில் பாதி மாங்காய் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் யார் கவனிக்கிறார்கள் என்று கமலவேணி சுற்றிப் பார்த்தாள்.

அவள் பயந்தது நடந்தது. சம்பந்தியம்மா மருமகளுக்கு வளையலை மாட்டிவிட்டுக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

"கல்யாணத்துல பஃப் கை வச்சு எவ்வளவு அழகா இருந்துச்சு! இப்ப என்ன சம்பந்தியம்மா, ஒட்டுப் போட்ட ஜாக்கெட்டையா பொண்ணுக்குப் போட்டு விட்டிருக்கீங்க?"

கேலியாகத்தான் சொன்னாள், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கமலவேணிக்கு லேஸ் வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அபிநயா சட்டென்று கையைத் தூக்கினாள். வளையல்கள் எல்லாம் முழங்கைக்கு ஓடின. எல்லோரும் பார்க்கட்டும் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"ஒட்டு இல்ல அத்தை. அதே பஃப்தான். எங்கம்மா அதைப் பிரிச்சு இங்க வச்சுத் தைச்சிருக்காங்க. ரெண்டு பேருக்குப் பத்தணும்ல!"

கூட்டம் சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்துவிட்டாள். பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அட, அதே துணி! இது எனக்குத் தோணவே தோணாது. கைதேர்ந்தவங்கதான் நீங்க, சம்பந்தி."

பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து பார்த்தார்கள். ஒரு அம்மாள் தலைகீழ் மாங்காயைக் கண்டுபிடித்து, "இதுதான் பேரப் பிள்ளையா?" என்றாள். மறுபடி சிரிப்பு. அபிநயா கையைக் கீழே இறக்கவே இல்லை. பஃப் கைக்குக் கிடைத்ததைவிடப் பாதி மாங்காய்க்கு அன்று மரியாதை கூடுதல். கமலவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பந்தியில் மாஸ்டர் இலை முன் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கமலவேணி இன்னும் கொஞ்சம் வைத்தாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"எது நல்ல தையல்னு கேட்டேன். ஜாக்கெட் திரும்பி வரட்டும், சொல்றேன்னீங்க. வந்துட்டுப் போயும் ஆச்சு. இன்னும் சொல்லலையே."

மாஸ்டர் தலையைத் தூக்கி மணைப் பக்கம் பார்த்தார். அங்கே அபிநயா யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொக்கி எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது.

"அங்க பாருங்க," என்றார் மாஸ்டர். "உங்க பொண்ணு மூச்சு விடுறா."