டேங்க் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

விருத்தாசலத்தில் ஒரு கார் ஷெட். அதில் ஒரு குரு, ஒரு சீடர். குருவின் பெயர் தவமணி, வயது முப்பத்து நான்கு. சீடர் குலசேகரனுக்கு அறுபத்தொன்று. பள்ளி ஆய்வாளராக இருந்து, முப்பது வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிய மனிதர். ஓய்வு பெற்றதும் தன் பழைய அம்பாசடரைத் தானே பழுது பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"இனிமே நீங்கதான் என் குரு" என்று முதல் நாள் தவமணியைக் கும்பிட்டார்.

"முதல்ல அந்த வெள்ளைச் சட்டையை மாத்திட்டு வாங்க சார்" என்றாள் குரு.

அது போன வருஷம். இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இரண்டு ஆட்டோக்காரர்கள் பின்னால் தள்ள, அம்பாசடர் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. குலசேகரன் இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பதினொண்ணு இருபதுக்கு ரயில். பொன்னி வர்றா."

பொன்னி அவருடைய ஒரே மகள். பெங்களூரில் வேலை. அம்மா போனபிறகு வீட்டுப் பக்கம் வருவது குறைந்து, இப்போது வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"ஆட்டோல போய்க் கூட்டிட்டு வந்துடலாமே சார்."

"வரலாம். ஆனா, கார்ல வந்து கூட்டிக்கறேன்னு போன்ல சொன்னேன். நம்ம கார்லயா, அது இன்னும் ஓடுதாப்பான்னு கேட்டுட்டுச் சிரிச்சா. இந்த ரெண்டு வருஷத்துல அவளா என்னை ஒரு கேள்வி கேட்டது அது ஒண்ணுதான்."

தவமணி அதற்குமேல் ஆட்டோவைப் பற்றிப் பேசவில்லை. பானெட்டைத் தூக்கினாள்.

கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு காலிப் பாட்டிலுக்குள் விட்டாள். "சாவியைத் திருப்புங்க."

எஞ்சின் முக்கிச் சுற்றியது. பாட்டிலில் நாலு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

"பெட்ரோல் வரலை."

"அது எனக்கும் தெரியுதே! அவ வர்றாளேன்னு டேங்க்ல வாய் வரைக்கும் ஊத்தி வெச்சிருக்கேன். ஃபில்டரை மாத்தினேன், கார்பரேட்டரைக் கழுவினேன், புதுப் பம்ப்பே போட்டேன். ஒவ்வொண்ணு பண்ணினதும் ஓடுது. தெருமுனை போனா நின்னுடுது."

"எப்பலேர்ந்து?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள்லேர்ந்து."

தவமணி யோசித்தாள். யோசிப்பவர்களைச் சும்மா விடுவது குலசேகரனின் ஜாதகத்திலேயே கிடையாது.

"குருவே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பொன்னியும் இப்படித்தான். போன் பண்ணினா ரெண்டு நிமிஷம் பேசுறா, அப்புறம் நின்னுடுது. நானும் விடறதில்ல. சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, ஆபீஸ் எப்படிப் போகுது, எப்ப லீவு... கேக்கக் கேக்க ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. மனசுல நிறைய வெச்சிருக்கா, அது தெரியுது. அதை எப்படி வாங்குறது?"

தவமணி கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க நோட்டைக் குடுங்க சார்."

சீடர் எதையும் எழுதி வைக்காமல் செய்யமாட்டார். தேதி போட்டு, கோடு கிழித்து, முத்து முத்தாக எழுதியிருந்தார். தவமணி வாய்விட்டுப் படித்தாள்.

"புதன். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் அளந்தேன். ஃபில்டர் மாற்றினேன். ஓடியது. தெருமுனையில் நின்றது. வியாழன். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் அளந்தேன். கார்பரேட்டர் கழுவினேன். ஓடியது. தெருமுனையில் நின்றது. வெள்ளி. டேங்க் மூடியைத் திறந்து..."

பெட்ரோல் காட்டும் முள் செத்துப் பல காலம் ஆகிறது. ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு அளப்பதுதான் அவர் வழக்கம்.

"இன்னிக்கு எத்தனை தடவை அளந்தீங்க?"

"வீட்ல ஒரு தடவை. அளந்துட்டு நல்லா இறுக்கி மூடினேன்."

"வண்டி நின்னப்புறம்?"

"இல்லையே. அவசரத்துல அளக்கலை."

"தினம் ஒரு சாமான் மாத்தியிருக்கீங்க சார். முதல் வரி மட்டும் மாறவே இல்லை."

குலசேகரன் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. "அளந்தா வண்டி ஓடுமா?"

"பின்பக்கம் வாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தைத் தாண்டியிருந்தது. அவர் அவள் பின்னாலேயே ஓடினார்.

"மூடியைத் திறங்க. மெதுவா. ஒரு இழை."

திருகினார். ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது.

"இந்தச் சத்தம் தினம் வருது. பெட்ரோல் ஆவி வெளியே போகுது" என்றார் ஆய்வாளர்.

தவமணி அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, மூடியின் இடுக்கருகே பிடித்தாள். டிக்கெட் வெளிப்பக்கமாகப் பறக்கவில்லை. உள்பக்கமாக வளைந்து இடுக்கில் ஒட்டிக்கொண்டது.

குலசேகரன் குனிந்து பார்த்தார். "உள்ளேயில்ல போகுது!"

"ஆமா."

மூடியை முழுதாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. ஆயுத பூஜையன்று ஸ்டியரிங், சக்கரம், பேட்டரி, ஜாக்கி என்று அவர் பொட்டு வைக்காத இடம் பாக்கியில்லை. அளவு பிசகாமல் வைத்திருந்தார்.

தவமணி வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிப் பொட்டின் நடுவில் குத்தினாள். சந்தனம் பொருக்காகப் பெயர்ந்தது. அவர் தன் கட்டைவிரல் நகத்தால் மிச்சத்தைச் சுரண்டினார். அடியில் ஒரு ஊசித் துளை. மூடியைத் தூக்கிப் பிடித்தபோது அதில் பொட்டளவு வெளிச்சம் தெரிந்தது.

"பம்ப் இழுத்துக்கிட்டே இருக்கு சார். உள்ளே கொஞ்சம் காத்துப் போனாத்தான் டேங்க் பெட்ரோலை விடும். அளக்க நீங்க மூடியைத் திறந்தப்பல்லாம் காத்துப் போச்சு, அதான் தெருமுனை வரைக்குமாவது ஓடிச்சு."

குழாயை மாட்டிவிட்டு, "அடிங்க" என்றாள்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நாலாவது. அம்பாசடர் இருமி, உதறி, உயிர் பிடித்தது. குலசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையோடு துடைத்து முகத்தையும் கறுப்பாக்கிக்கொண்டார்.

"ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க."

தெருமுனையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்பி வந்தார். வண்டி நிற்கவில்லை. ஆனாலும் சூடு கண்ட பூனையாயிற்றே, பயம் விடவில்லை.

"பேசாம மூடியே இல்லாம ஓட்டிட்டுப் போயிடட்டுமா?"

"வேண்டாம் சார். இறுக்கியே மூடுங்க."

"அப்ப பொன்னியைப் பத்தி நான் கேட்டதுக்குப் பதில்?"

தவமணி அடுத்த வண்டியின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துளையை மட்டும் அடைக்காதீங்க" என்றாள்.

ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. பொன்னி காரைப் பார்த்தாள், அப்பாவின் கறுப்பு முகத்தைப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே முன் சீட்டில் ஏறினாள். இளைத்திருந்தாள்.

சாப்பிட்டியா என்பது அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஏழெட்டுக் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தார். நக இடுக்கில் மஞ்சளாகச் சந்தனம்.

"நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், பொன்னி" என்றார். சந்தனப் பொட்டின் கதையைச் சொன்னார். மூன்று நாள் அந்த நல்ல பம்ப்பைத் திட்டியதைச் சொன்னார். அவள் எங்கே ஆட்டோ பிடித்துப் போய்விடுவாளோ என்று பயந்ததையும் சொன்னார். அவர் தன்னைப் பற்றி அவளிடம் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார். கதையும் தீர்ந்துவிட்டது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கூட்ஸ் ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் பொன்னி. "நான் அந்த வேலையை விட்டு மூணு மாசமாச்சு."

மூன்று மாதமாக, ஆபீஸ் எப்படிப் போகுது என்று ஒருநாள் விடாமல் கேட்டவர் அவர். 'ஏன்' என்று நெஞ்சில் எழுந்ததை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தங்குதடையில்லாமல். கேட் திறந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அம்பாசடர் ஒரே அடியில் கிளம்பியது.

வீடு வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். குலசேகரன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.